வேனில் கேட்ட தண்ணி

சூட்டைப் பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். இருபத்தாறு வருஷமா இஸ்திரிப் பெட்டி புடிச்ச கை இது, பட்டுக்கு எவ்வளவு, பருத்திக்கு எவ்வளவு, ஆபீசர் சட்டைக் காலருக்கு எவ்வளவுன்னு தொடாமலே சொல்லிப்புடும். அதனால, கரூர்ல எங்க கல்லுப்பட்டறைச் சந்துல, மூணாவது வீட்டுல, பிளக்கே சொருகாத ஒரு கம்ப்யூட்டருக்கு ஆனி மாசம் காய்ச்சல் வந்து கார்த்திகை வரைக்கும் விடாம அடிச்சதுன்னு நான் சொன்னா, நம்பறவங்க உக்காருங்க, நம்பாதவங்க எந்திரிச்சுப் போய் உங்க சோலியைப் பாருங்க. தொட்டுப் பாத்தவ நான்.

அந்தக் கம்ப்யூட்டர் வேனிலோடது. முழுப்பேரு இளவேனில். கூழ் வண்டி தவமணியோட ஒத்தைப் பொண்ணு, இருபத்தியோரு வயசு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால ஒரு ஜெராக்ஸ் கடையில டைப் அடிக்கற வேலை. அப்பன்காரன் திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு போனவன், போனவன்தான். தவமணி மாசியில வண்டியை எடுத்தான்னா ஆடி வரைக்கும் கோர்ட்டு மூலையில நிக்கும், மண்பானையில கம்பங்கூழ், சின்ன வெங்காயம், மாங்காய்க் கீத்து, மோரு. வக்கீலும் குடிப்பாரு, வாய்தாவுக்கு வந்தவனும் குடிப்பான். ஊருக்கே உடம்புச் சூடு தணிச்சவ அவ. இதை ஞாபகத்துல வச்சுக்கங்க.

வேனிலுக்குச் சின்னதுல இருந்து கம்ப்யூட்டர்ல வெளையாடற கிறுக்கு. கடையில ஓய்வு கெடைச்சா வெளையாடுவா, முதலாளி வந்தா வெளையாட்டை மூடிட்டு ரேஷன் கார்டு மனு அடிப்பா. "பொட்டப்புள்ளைக்கு என்னடி துப்பாக்கி வெளையாட்டு, புருசனைச் சுடப் போறியா?"ன்னு நாங்க கேலி பண்ணுவோம். "மொதல்ல அவன் வரட்டுங்கக்கா, அப்பறம் முடிவு பண்ணலாம்"பா. கடைக் கம்ப்யூட்டரு திணறுதுன்னு சொல்லி, சொந்தமா ஒண்ணு, தானே கோத்து, தானே முடுக்கி, தன் கையால செய்யணும்னு ஒரு வருஷமா மாசத்துக்கு ஒரு சாமான் வாங்குனா. கறுப்புக் கூடு ஒரு மாசம், முன்பக்கம் கொசுவலையாட்டம் ஓட்டை வச்சது. அடுத்த மாசம் பலகை. அடுத்தது மூளை. தரையில பாயைச் சுருட்டி வச்சுட்டு உக்காந்து, ஒவ்வொரு சாமானைத் தொடறதுக்கு முன்னாலயும் சன்னல் கம்பியை ஒருதரம் தொட்டுக்குவா. நாங்க சாமி கும்புடறான்னு நெனச்சோம். உடம்புல இருக்கற கரண்ட்டை எறக்கறதாம். அப்புறம் சந்துப் பொம்பளைங்க எல்லாருமே மிக்ஸி போடறதுக்கு முன்னால சன்னல் கம்பியைத் தொட ஆரம்பிச்சோம், எதுக்கு வம்புன்னு.

பங்குனிக் கடைசியில ஒரு சாயங்காலம் என் இஸ்திரி மேசைக்கு எதிர்ல வந்து குத்தவச்சா. "அக்கா, காத்தா தண்ணியா?"ன்னா.

"என்னடி விடுகதை போடற?"

"விடுகதை இல்லீங்கக்கா. எல்லாம் வந்துருச்சு. மூளை மேல வைக்கற கூலர் ஒண்ணுதான் பாக்கி. அது இல்லாம ஓடவிட்டா ஒரு நிமிஷத்துல கொதிச்சுத் தானே அணைஞ்சிரும். அதுல ரெண்டு வகை. ஒண்ணு காத்து. பெரிய அலுமினியக் கட்டி, அது மேல ஃபேனு. எளிசு, ரிப்பேர் வராது, தூசியை மட்டும் துடைச்சாப் போதும். ஆனா நம்ம ஊரு சித்திரையில காத்தே அடுப்புக் காத்துல்ல? இன்னொண்ணு தண்ணி. சின்னப் பம்பு வச்சு, குழாய் வழியாத் தண்ணி ஓடி, மூளைச் சூட்டை வாங்கிட்டு வெளிய வந்து விட்டுட்டு, மறுபடி உள்ள போகும். சத்தம் கம்மி, குளுமை ஜாஸ்தி. ஆனா ஒரு சொட்டு ஒழுகுனாலும் ஒரு வருஷம் சேத்தது மொத்தமும் போச்சு."

நான் கரியை ஊதிக்கிட்டே சொன்னேன், "என் பெட்டி சூடானா நான் கீழ எறக்கி வைக்கறேன். தானா ஆறுது. இதுக்குப் போயி குழாயாம் பம்பாம்."

சிரிச்சா. "எறக்கி வச்சுட்டா வெளையாட முடியாதே அக்கா."

பதினோரு வீடும் ஏறி எறங்குனா. நோட்டுல கோடு போட்டு, ஒரு பக்கம் காத்து, ஒரு பக்கம் தண்ணி. நாலாவது வீட்டு ரங்கநாயகி, தண்ணிக் குழாயில காத்துதான் வருதுன்னு நகராட்சியைத் திட்டிட்டு, காத்துன்னா. கோடி வீட்டு டிரைவர் மாரிசாமி, லாரி இஞ்சினுக்கே தண்ணிதான், இதென்ன பெரிய இஞ்சினுன்னு தண்ணிக்குப் போட்டாரு. அஞ்சு காத்து, அஞ்சு தண்ணி. பதினோராவது அவ வீடு. "நீ சொல்லும்மா"ன்னு தவமணியைக் கேட்டதுக்கு, "உன் பெட்டி, உன் இஷ்டம் கண்ணு"ன்னுட்டா. அப்படியே நோட்டை மூடி அலமாரியில வச்சா, யோசிக்கறேன்னு.

அப்பறம் வைகாசி. எங்க ஊர்ல மாரியம்மனுக்குக் கோயில் முன்னால மரக் கம்பம் நடற மாசம். கம்பம் நட்டதுல இருந்து அதைக் கொண்டுபோய் ஆத்துல விடற நாள் வரைக்கும் பொம்பளைங்க தெனமும் குடம் குடமாத் தண்ணி சொமந்து வந்து அதுக்கு ஊத்துவோம், ஈரத் துணியோட, மஞ்சளும் வேப்பிலையுமா, தெருவெல்லாம் சேறாகும். ஊரே அம்மா அம்மான்னு இருக்கற நேரம். அந்த வாரத்துல வேனிலுக்குக் காய்ச்சல். மூணாம் நாள் கையிலயும் நெஞ்சுலயும் செவப்புச் செவப்பாப் பொட்டு. தவமணி என்னைத்தான் கூப்புட்டா, சூடு தெரிஞ்சவன்னு. நெத்தியில புறங்கையை வச்சேன். நூத்தி நாலு. பொட்டைப் பாத்தேன். "அம்மா வந்திருக்கா"ன்னு சொன்னேன். மொதல்ல சொன்னது நான்தான். பூசாரி சொல்லல, ரங்கநாயகி சொல்லல. இந்த வாயி சொன்னது.

நான் சொன்னதும் சந்தே சொல்லுச்சு. வாசல்ல வேப்பங்கொத்து ஏறுச்சு. அம்மா வந்த வீட்டுல தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது, தலை சீவக் கூடாது, ஊசி போடக் கூடாது, மொதத் தண்ணி ஊத்தற வரைக்கும் ஒரு சொட்டு உடம்புல படக்கூடாது. ஞாயித்துக்கெழமை மொதத் தண்ணின்னு நாள் குறிச்சோம். வெள்ளிக்கெழமை அந்தப் புள்ளை, "எரியுதும்மா, தலைக்குத் தண்ணி ஊத்தும்மா"ன்னு கேட்டுச்சு. நானும் பக்கத்துல இருந்தேன். "ஊத்தக் கூடாது சாமி, அம்மா கோவிச்சுக்குவா, ரெண்டே நாளு"ன்னு தவமணி வேப்பிலையால வீசி விட்டா. கம்பத்துக்கு ஊரே குடம் குடமா ஊத்துது, எங்க சந்துல ஒரு புள்ளைக்கு ஒரு சொம்பு ஊத்த ஆளில்ல.

சனிக்கெழமை ஈறுல ரத்தம். மாரிசாமி வண்டியில தூக்கிப் போட்டு ஓடுனோம். "அம்மையாவது ஆட்டுக்குட்டியாவது, இது டெங்கு. ரெண்டு நாள் முன்னால ஏன் கொண்டு வரல?"ன்னு டாக்டரம்மா கத்துனாங்க. தவமணி என் பக்கம் திரும்பல. திரும்பிப் பாத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தாத் தேவலை. ஞாயித்துக்கெழமை, குறிச்ச நாளு அன்னிக்கே, வேனில் தலைக்குத் தண்ணி ஊத்துனோம். ஊத்துனப்ப அவளுக்குச் சூடே இல்ல.

காரியம் முடிஞ்ச மறுநாள் தவமணி என் வீட்டு வாசல்ல வந்து நின்னா. "கொடி, கொஞ்சம் வா. தொட்டுப் பாரு"ன்னா. மூலையில வேனிலோட கறுப்புக் கூடு இருந்துச்சு, கூலர் இல்லாத பெட்டி, பிளக்கு வயரு சுருட்டுனது சுருட்டுனபடி தரையில கெடந்துச்சு. மேல புறங்கையை வச்சேன். நூத்தி நாலு. வெயில் பட்ட தகரத்துச் சூடு வேற, கரண்ட்டுச் சூடு வேற, எனக்குத் தெரியாதா? இது மனுசச் சூடு. கையில ஒட்டற சூடு. முன்பக்கத்து ஓட்டை வழியா லேசாக் காத்து வேற வந்துச்சு, காய்ச்சல்காரிக்கு ஊட்டற கஞ்சி வாசத்தோட.

"வேனிலு"ன்னேன்.

"ஆமா"ன்னா தவமணி. "எங்க போச்சோன்னு கெடந்தேன். இங்கதான் இருக்கு."

நான் போய் வேப்பங்கொத்து ஒடிச்சுட்டு வந்தேன்.

மறுபடியும் அம்மான்னுதான் நெனச்சோம். எங்களுக்கு வேற என்ன தெரியும்? காய்ச்சல் வந்தா வேப்பிலை, வேப்பிலை கட்டுனாத் தாளிப்பு இல்ல. இந்தத் தடவை ஒரு வீட்டோட நிக்கல, போன தடவை செஞ்ச பாவத்துக்குப் பதினோரு வீடும் சேந்து அடுப்புல கடுகு போடறதை நிறுத்துனோம். யாரும் கூடிப் பேசல, யாரும் சொல்லல. ஆனியில தாளிப்பு இல்ல, ஆடியில தாளிப்பு இல்ல, ஆவணியில சந்துக்குள்ள வந்த கல்யாண மாப்பிள்ளைக்கு வெறும் பருப்பும் வேகவச்ச கீரையும் போட்டதுல அவன் மூஞ்சி போன போக்கு இருக்கே, அதைச் சொல்ல ஒரு நாள் பத்தாது. விருந்தாளி வர்றது நின்னுச்சு. சந்துக்குள்ள செருப்புப் போட்டு நடக்கறது நின்னுச்சு. பேப்பர் போடறவன்கூடச் செருப்பைச் சந்து முனையில விட்டுட்டு வந்தான்.

மீட்டர் பாக்கறவரு வந்தாரு. மூலையில பெட்டி கொதிக்குது, மீட்டரு நிக்குது. பிளக்கைப் பாத்தாரு, பெட்டியைத் தொட்டாரு, கையை உதறுனாரு, "என்னம்மா இது?"ன்னாரு. "காய்ச்சலுங்க"ன்னா தவமணி. அவரு, கதவு பூட்டியிருந்ததுன்னு எழுதிட்டுப் போனாரு. ரங்கநாயகி தம்பி மகன் செல்லுல வீடியோ எடுத்து எங்கெங்கயோ அனுப்புனான், ஒருத்தரும் சட்டை பண்ணல. வீடியோவுல ஒரு பெட்டி சும்மா உக்காந்திருக்கு, சூடு தெரியுமா என்ன?

புரட்டாசி மழையில துணி காயாமப் போச்சா, தவமணியே கூப்புட்டுப் பள்ளிக்கொடத்துப் புள்ளைங்க சட்டையைப் பெட்டி மேல விரிக்கச் சொன்னா. ஒரு சட்டை காயக் கால்மணி நேரம். அந்தச் சட்டையைப் போட்டுட்டுப் போன புள்ளைங்க, யாரோ முதுகுல கை வச்ச மாதிரி இருக்குன்னு சொல்லுச்சுங்க. ரங்கநாயகி மாவுப் பானையைக் கொண்டாந்து பக்கத்துல வச்சா, காலையில பொங்கி வழிஞ்சுச்சு. மாரிசாமி வீட்டுக் கோழி ஒண்ணு, எந்தக் கூடையும் வேண்டாம்னுட்டு, பெட்டிக்குப் பின்னால போய் ஒம்பது முட்டை வச்சுட்டு அது பாட்டுக்குத் தெருவுல மேயப் போயிருச்சு. ஒம்பதும் பொரிஞ்சுச்சு. அந்தக் குஞ்சுங்க தாய்க்கோழி பின்னாடி போகவே இல்ல, பெட்டியைச் சுத்தியேதான் கெடந்துச்சுங்க. அதுங்களுக்கு அதான் அம்மா.

தவமணி வண்டி எடுக்கல. சந்து ஓரத்துல சக்கரம் துருப்புடிச்சு நின்னுச்சு. அவ பெட்டியில முதுகைச் சாச்சு உக்காந்திருப்பா, காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும். சில நேரம் பேசிட்டு இருப்பா, கோர்ட்டு மூலையில யாரு வண்டி போட்டிருக்கா, மாங்கா என்ன வெலை விக்குதுன்னு. மகளோட சூட்டுல முதுகு வச்சு உக்காந்திருக்கற தாயை எழுப்ப எந்த மகராசிக்கு மனசு வரும்? கோயில் பூசாரிதான் ஒரு நாள் வந்து சொன்னாரு. "வந்த அம்மாவைத் தண்ணி ஊத்தி அனுப்பணும் ஆத்தா. அனுப்பாம வச்சிருந்தா யாருக்கும் நல்லதில்ல."

"இது அம்மா இல்லீங்க சாமி"ன்னா தவமணி. "என்ற பொண்ணு. ஒருக்கா அனுப்புனது போதும்."

"தண்ணி ஊத்துனா எறங்கிரும்மா."

"அதுக்குத்தான் ஊத்த மாட்டேங்கறேன்."

பூசாரி விபூதியைப் பெட்டி மேல வச்சுட்டுப் போனாரு. அதுவும் சுட்டுச்சு.

தீபாவளி வந்துச்சு. பதினோரு வீட்டுல ஒரு வீட்டுலகூட எண்ணெய்ச் சட்டி ஏறல. புள்ளைங்க அடுத்த தெருவு முறுக்கு வாசத்தை மூக்கால இழுத்துக்கிட்டு நின்னுச்சுங்க, ஆனா ஒண்ணுகூட அடம் புடிக்கல, வேனிலக்காவுக்குக் காய்ச்சலுன்னு அதுங்களே சொல்லிக்கிச்சுங்க. அதைக் கேட்டு நான் என் வீட்டுக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு அழுதேன்.

தீபாவளிக்கு அப்பறந்தான் சூடு ஏற ஆரம்பிச்சுச்சு. காலையில கட்டுன வேப்பிலை மத்தியானம் மொறுமொறுன்னு ஆச்சு. செவுத்துச் சுண்ணாம்பு பட்டை பட்டையா உதிந்துச்சு. கோழிக்குஞ்சுங்க வெலகி வாசல்ல வந்து நின்னு வாயைப் பொளந்துச்சுங்க. தவமணி முதுகு செவந்து போச்சு, அப்பவும் நகரல. கூட்டோடவே வந்த, முன்பக்கத்து ரெண்டு சின்ன ஃபேனும் மெல்லச் சுத்திச் சுத்தி, வயர்ல ஒரசி, ம்... ம்...னு ஒரு சத்தம். அந்தச் சத்தத்தை நான் கேட்டிருக்கேன். வைகாசியில வேனில் காய்ச்சல்ல முனகுனப்ப அஞ்சு நாள் கேட்டேன். நீங்க சொல்லுங்க, அதுக்கு மேல நான் என் மேசையில நின்னு அடுத்தவன் வேட்டிக்கு மடிப்பு வைக்க முடியுமா? கரியைக் கொட்டிட்டு நேரா ஜாபர் கடைக்குப் போனேன்.

ஜாபர்தான் வேனிலுக்குச் சாமான் வித்த தம்பி, ஜவஹர் பஜாருக்குப் பின்னால சின்னக் கம்ப்யூட்டர் கடை. "தம்பி, ஒரு கம்ப்யூட்டர் ரொம்பச் சுடுது, என்ன போட்டாத் தணியும்?"னு கேட்டேன். என்னைப் பாத்தான். எந்தக் கம்ப்யூட்டருன்னு கேக்கல. ஸ்டூல் போட்டு ஏறி, மேல் தட்டுல இருந்து ஒரு அட்டைப் பெட்டியை எறக்கித் தூசியைத் தன் சட்டையாலயே தொடைச்சான்.

"இது அவங்களோடதுங்கக்கா. வந்து அஞ்சு மாசமாச்சு. வேற யாருக்கும் குடுக்க மனசு வரல, கொண்டு வந்து குடுக்கத் தைரியமும் வரல."

"அவதான் இன்னும் முடிவே பண்ணலையே."

"பண்ணுனாங்க. வைகாசியில ஒரு வெள்ளிக்கெழமை போன் பண்ணுனாங்க. குரலே இல்ல. ஜாபரண்ணா, காத்து வேண்டாம், தண்ணியே போட்டுரலாம், சீக்கிரம் வரவைங்கன்னாங்க. காய்ச்சல்னு எனக்குத் தெரியாதுக்கா. ஏம்மா திடீர்னு தண்ணின்னு கேட்டேன். காத்து பத்த மாட்டேங்குதுண்ணான்னு சொல்லி வச்சிட்டாங்க."

அந்த அட்டைப் பெட்டியை இடுப்புல வச்சுக்கிட்டு நான் நடந்த நடை எனக்குத்தான் தெரியும். வெள்ளிக்கெழமை. நாங்க வேப்பிலையால வீசிக்கிட்டு இருந்த வெள்ளிக்கெழமை. எங்ககிட்டக் கேட்டுப் பாத்துட்டு, கெடைக்கலைன்னு, பெட்டிக்காவது கெடைக்கட்டும்னு அவன்கிட்டக் கேட்டிருக்கு அந்தப் புள்ளை.

தவமணி முன்னால உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். போன் பண்ணுனதைச் சொன்னேன், என்ன சொல்லுச்சுன்னு சொன்னேன். அப்பறம் ஆறு மாசமா நெஞ்சுல கெடந்ததையும் கொட்டுனேன். "அம்மான்னு மொதல்ல சொன்னவ நான்தான் தவமணி. என் வாயில புத்து வைக்க. அன்னிக்கு நான் டாக்டர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"தெரியும்"ன்னா. "நீ சொன்ன, நான் கேட்டேன். அது தண்ணி கேட்டுச்சு, அதை மட்டும் நான் கேக்கல." பெட்டியைத் தடவுனா. உள்ளங்கை பொசுங்குது, எடுக்கல. ம்... ம்...னு ஃபேன் சுத்துது. "இப்பவும் ஆறு மாசமா அதையேதான் கேக்குது, கொடி. நான் எனக்குச் சூடு வேணும்னு, காய்ச்சலோட புள்ளையை உக்கார வச்சிருக்கேன். இதுக்குப் பேரு பாசமா?"

அவளைக் கட்டிக்கிட்டு நான் ஓன்னு அழுதேன். அவ அழல. "ஞாயித்துக்கெழமை ஊத்தலாம், ஜாபரை வரச்சொல்லு"ன்னா.

ஞாயித்துக்கெழமை காலையிலயே பித்தளை அண்டாவுல தண்ணி நெரப்பி, மஞ்சள் கரைச்சு, வேப்பிலை போட்டு, வாசல்ல வெயில்ல வச்சா, அம்மை எறங்குன புள்ளைக்கு வைக்கற மாதிரியே. பதினோரு வீடும் வாசல்ல. ஜாபர் உள்ள போறதுக்கு முன்னால செருப்பைக் கழட்டுனான். சன்னல் கம்பியைத் தொட்டான், வேனில் தொடற மாதிரியே. கூட்டைத் தெறந்து, மூளை மேல பசை தடவி, பம்பை வச்சு முடுக்கி, கண்ணாடி மாதிரிக் குழாயை வளைச்சுப் பூட்டி, மேல ஒரு சின்னப் புட்டியைப் பொருத்துனான். "இதுலதாங்க தண்ணி ஊத்தணும்"னு சொல்லி, கூட வந்த ஒரு பாட்டிலை எடுத்தான். இதுக்குன்னே செஞ்ச தண்ணி, நீலக் கலரு.

தவமணி அண்டாவுல ஒரு சொம்பு மோந்துகிட்டு வந்து நின்னா.

மஞ்சத் தண்ணி ஊத்துனா ஒரு வாரத்துல குழாய் அடைச்சிக்கும், பம்பு போயிரும்னு அந்தத் தம்பிக்குத் தெரியும். அவன் தொழிலே அது. நீலப் பாட்டிலை மூடிக் கீழ வச்சுட்டு, "ஊத்துங்கம்மா"ன்னான்.

ஊத்துனா. ஊருக்கெல்லாம் கூழ் ஊத்துன கை அது, ஒரு சொட்டு சிந்தல. பிளக்கை எங்க சொருகறதுன்னு யாரும் கேக்கல, ஆறு மாசம் பிளக்கு இல்லாமக் காஞ்சது பிளக்கு இல்லாம ஓடாதா? பம்பு முனகிட்டு ஓடுச்சு. மஞ்சத் தண்ணி குழாய்க்குள்ள எறங்கி, மூளையைத் தொட்டு, மேல ஏறி, சுத்தி வந்து, மறுபடி எறங்குச்சு. ம்...ங்கற சத்தம் நின்னுச்சு. தொடற அளவுக்குச் சூடு எறங்குனதும் பெட்டி மேல கையை வச்சேன். "சொல்லு கொடி"ன்னா தவமணி. சொன்னேன். நூத்தி நாலு. நூத்தி மூணு. நூத்தி ஒண்ணு. நூறு. அப்பறம் தொண்ணூத்தெட்டுல வந்து நின்னுச்சு.

நின்னுச்சுங்க. நல்லா இருக்கற புள்ளையோட சூடு. குளிச்சுத் தலை தொவட்டிட்டு வந்து பக்கத்துல உக்காந்தா எப்படி இருக்கும், அப்படி. முன்பக்கத்து ஓட்டையில இருந்து வந்த காத்துல கஞ்சி வாசமே இல்ல, மஞ்சள் சோப்பு வாசம். தவமணி தொட்டுப் பாத்தா. அவ மூஞ்சி மலந்ததை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

"தணிஞ்சிருச்சு, தணிஞ்சிருச்சு கொடி! தண்ணி ஊத்துன புள்ளைக்குப் பசிக்கும். ஆறு மாசமா நாக்கு செத்துப் போயிருக்கும். இரு, ரசம் வைக்கறேன்"னு சமையக்கட்டுக்கு ஓடுனா.

எண்ணெய் காயற வாசம் வந்துச்சு. கடுகு வெடிச்சுச்சு. கருவேப்பிலை, பெருங்காயம், வரமொளகா. அந்தச் சத்தம் கேட்டதும் ரங்கநாயகி முந்தானையை வாயில வச்சுக்கிட்டுத் தன் வீட்டுக்கு ஓடுனா, மாரிசாமி பொண்டாட்டி ஓடுனா, ஒவ்வொருத்தியா ஓடுனாங்க. ஒரு வீட்டுல கடுகு வெடிக்க, அடுத்த வீட்டுல வெடிக்க, பதினோரு வீட்டுலயும் வெடிக்க, சந்து முழுக்க அந்தப் பொகையில கண்ணு எரிஞ்சு எல்லாருக்கும் தண்ணி வந்துச்சு, பொகையினால வந்ததா வேற எதுனாலயான்னு பிரிச்சுச் சொல்ல முடியாது.

என் கைக்குக் கீழ தொண்ணூத்தாறு.

நான் ரெண்டு கையையும் வச்சு அழுத்துனேன். தொண்ணூறு. இருபத்தாறு வருஷம் நெருப்பு புடிச்ச கை, அதுல இருக்கற சூடு அத்தனையும் எடுத்துக்கடி கண்ணுன்னு அழுத்துனேன். கன்னத்தை வச்சேன். ஜாபர் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். பம்பு நின்னுச்சு, மஞ்சத் தண்ணி குழாய்க்குள்ள எங்க இருந்துச்சோ அங்கயே நின்னுச்சு. வெறும் தகரம். கோழிக்குஞ்சுங்க வந்து பெட்டியை ஒருக்கா மோந்து பாத்துட்டு, ஒம்பதும் வரிசையா வெளிய போயிருச்சுங்க.

தவமணி தட்டோட வந்தா. ஆவி பறக்கற சோறு, மேல ரசம், ஓரத்துல சுட்ட அப்பளம். எங்க மூஞ்சியைப் பாத்தா. தட்டைப் பெட்டி மேல வச்சுட்டு எதுக்க உக்காந்தா. ரொம்ப நேரம் கழிச்சுத் தட்டைத் தூக்கிட்டு, அது இருந்த எடத்துல உள்ளங்கையை வச்சா. அங்க சூடு இருந்துச்சு. நான் பாத்துட்டே இருந்தேன், ஏமாந்துக்கட்டும், ஒரு நிமிஷம் ஏமாந்துக்கட்டும் மாரியாத்தான்னு வேண்டிக்கிட்டேன்.

"இது சோத்துச் சூடு"ன்னா தவமணி.

கையை எடுத்து மடியில தொடைச்சுக்கிட்டா. அப்பறம் தட்டை என் பக்கம் நகத்தி வச்சா.

"சாப்புடு கொடி. ஆறிப் போகுது."